அப்பா வாங்கப் போன டைனோசர் தாடை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே குளிர் விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். இனி என் கதை.

போனில் சொல்லியிருந்தால் பாதியிலேயே சிரித்துவிட்டு வைத்திருப்பாய். அதோடு ஒரு எக்ஸ்ரே படத்தையும் அனுப்ப வேண்டியிருக்கிறது. பயப்படாதே, வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை. படத்தில் இருப்பது டைனோசரின் தாடை. அதாவது, அப்படித்தான் அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள்.

நம் கடைத் தெருக் கோடியில், முன்பு தையல் கடை இருந்த இடத்தில், ஒருவர் படிகம், சிப்பி பதிந்த கல் என்று விற்கிறார். தெருவில் அவருக்குப் பெயரே கல்காரர்தான். கொஞ்ச நாளாக அப்பா கடையைப் பூட்டிவிட்டு வீடு வந்து சேரத் தாமதமானது. அம்மா விசாரித்தால், ஆணியும் திருகும் எண்ணிக்கொண்டிருந்தாராம். போன வாரம் அவரே கல்காரரைக் கூட்டிக்கொண்டு என் கிளினிக்குக்கு வந்து, துணி சுற்றிய ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். முழ நீளத்துக்கு ஒரு தாடை, வரிசையாகப் பற்கள். வாங்கலாம் என்றிருக்கிறேன், நீ பல் டாக்டர்தானே, கொஞ்சம் பார் என்றார். எதற்காம்? கடை அலமாரிக்கு அழகாக இருக்குமாம். குழாய்க்கும் பூட்டுக்கும் நடுவே டைனோசர். நம்பியவள் மாதிரித் தலையாட்டினேன்.

நாற்காலியில் தாடையைக் கிடத்தி விளக்கைத் திருப்பினேன். வெளியே காத்திருந்த பல்வலிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, வலி விட்டுவிட்டது என்று எழுந்தே போய்விட்டார்.

பற்கள் என்னவோ நிஜம் போலத்தான் இருந்தன. ஓரத்தில் ரம்பம் மாதிரி வெட்டுகள், மேலே மயிரிழை விரிசல்கள். வரிசைதான் உதைத்தது. இரையைக் கவ்வுகிற வாயில் பல் தொண்டைப் பக்கமாக வளைந்திருக்க வேண்டாமா? இதில் சில பற்கள் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. கவ்விய இரை நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடும். அந்த மிருகங்களுக்குப் பல் விழுந்து விழுந்து முளைக்கும் என்று நீ சொல்வாயே, அப்படியானால் ஒன்று நீளமாகவும் ஒன்று அப்போதுதான் எட்டிப் பார்ப்பதாகவும் இருக்க வேண்டும். இதுவோ நான் கட்டிக் கொடுக்கிற பல்செட் மாதிரி ஒரே உயரம். எக்ஸ்ரே எடுத்தேன். ஒரு பல்லுக்கும் வேர் இல்லை. தாடைக்குள் கம்பி ஓடுகிறது.

அதற்குள் அப்பா ஒரு பல்லடியை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"இது நம்ம கடையில விக்கிற பசைதான். ரெண்டு டியூபைக் கலந்து ஒட்டறது."

கல்காரர் முகம் செத்துப்போயிற்று. தன்னிடம் விற்றவன் சத்தியம் பண்ணிக் கொடுத்தானாம். அவனிடம் காட்ட எக்ஸ்ரேயின் நகல் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். அப்பா கத்தப் போகிறார் என்று நான் பயந்தேன். அவரோ நிம்மதியாக மூச்சு விட்டார்.

"நல்ல வேளை. இதை அனுப்பியிருந்தா சின்னவன் என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பான்?"

சொன்ன பிறகுதான் வாய் தவறியது அவருக்கே உறைத்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். கடையில் உட்கார மாட்டேன், கல்லைத்தான் படிப்பேன் என்று நீ கிளம்பிப் போனதிலிருந்து உங்கள் இருவருக்கும் நடுவே நானும் அம்மாவும்தானே தபால்காரர்கள்.

மறுநாள் கல்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு எங்களைத் தன் கடைக்குக் கூப்பிட்டார். பளபளவென்று இருந்த எதையும் அப்பா தொடவில்லை. மூலைத் தட்டிலிருந்து கறுப்பாக, இரண்டு பக்கமும் உடைந்த ஒரு துண்டை எடுத்தார். எங்கே தோண்டியது, யார் தோண்டியது, அனுமதி உண்டா என்று துருவினார். எல்லாவற்றுக்கும் கல்காரர் தடுமாறாமல் பதில் சொன்னார். உடைந்த பக்கத்தை நான் லென்ஸில் பார்த்தேன். ரொட்டித் துண்டு மாதிரிப் பொடிப்பொடியாகத் துவாரங்கள். நான் நிமிர்வதற்குள் அப்பா அதை வாங்கி நாக்கில் வைத்துவிட்டார். பல் டாக்டரின் அப்பா!

"ஒட்டுதும்மா. எலும்புன்னா நாக்குல ஒட்டும், வெறும் கல்லு ஒட்டாது."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"அவன்தான். ஒரு நாள் சாப்பிடறப்போ உங்கிட்ட சொல்லிட்டிருந்தானே."

எனக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. எதிரே அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்து வைத்திருந்தார். நம் பேச்சு காதில் ஏறவில்லை என்றல்லவா நினைத்தோம்.

வாங்கவில்லை. நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான், சின்னவன் பார்த்துச் சொல்லட்டும் என்று அதைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். புகைப்படங்கள் உள்ளே இருக்கின்றன. பக்கத்தில் அளவு நாடாவை வைத்தது அப்பாதான். நானே கேட்பது போலக் கேட்கச் சொன்னார். உன்னிடம் எனக்கு அந்த நடிப்பு வராது.

எலும்பா, எந்த மிருகம், வாங்கலாமா என்று எழுது. படத்தை வைத்துச் சொல்ல முடியாது என்றால் அதையாவது எழுது. ஆனால் எனக்கு வேண்டாம். கடை முகவரிக்கு, அப்பா பெயருக்கே எழுது. நான் இந்தக் கடிதத்தை இன்னும் ஒட்டக்கூட இல்லை, அதற்குள் அவன் பதில் போட்டானா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

உன் அக்கா