மீன் ஆகாத பூனை

பெப். 4, செவ்வாய் (1997)
காலையில் பனி, பிறகு சுள்ளென்ற வெயில். சுதந்திர தினம். சிலாபம் பக்கம் சோதனை அதிகமாம், பஸ் இல்லை. சவரம் செய்தேன். பிளேடு மொட்டை.

பூனை சரசுவைக் கடித்துவிட்டது. வழமை போல மடியில் வைத்து முதுகைத் தடவியிருக்கிறாள். அது அலறி, கையைக் கடித்து, கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. சரசு அழவில்லை. கையைக் கழுவிவிட்டு அப்படியே நின்றாள்.

யாழ்ப்பாணத்தை விட்டு இந்த உடப்பு மீன்பிடிக் கிராமத்துக்கு வந்தபின் என் மனைவி சரசு தானாகத் தொடுகிற ஒரே உயிர் அந்தப் பூனை. என்னோடு கதைப்பதில்லை. தன் தகப்பனை விட்டுவிட்டு வர வைத்தேனாம். கிழவர் வரமாட்டேன் என்று கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷெல் விழுந்துகொண்டிருந்தது. நான் என்ன செய்வது. அங்கேயே செத்தார். இதைப் பற்றி இனி எழுதுவதில்லை.

பெப். 6
பூனையைச் சாக்கால் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன். காய்ச்சல். மயிர் மங்கல், பிசுக்கு. வயிற்றடியில் தோலுக்குக் கீழே கட்டி கட்டியாகக் கொழுப்பு. விரல் பட்டாலே அலறல். காயம் இல்லை.

வீட்டை எங்களுக்கு வாடகைக்குத் தந்த சின்னத்தம்பி வேலிக்கு மேலால்: "யாரோ அடிச்சிருக்கிறானுகள் ஐயா. முதுகு முறிஞ்சிருக்கும்."

முதுகு முறிந்த பூனை கட்டிலுக்குக் கீழே பாயாது.

மிருக வைத்தியனாக இருந்த காலத்தில் இந்தக் கொழுப்பு நோயைப் பற்றித்தான் ஒரு கட்டுரை எழுதினேன். அதில் தன் பெயரை முன்னால் போட்டுக்கொண்டு வெளிநாடு போனவர் என் மேலதிகாரி. இப்போது அங்கே பேராசிரியர். பனியில் வழுக்கி விழட்டும்.

பெப். 7
என்ன தின்கிறது என்று பார்த்தேன்.

பூனை: சாளை மீன் தலை. சாளைக் குடல். பின்னேரம் கரைவலைக்காரர் எறிகிற சாளை, வெயிலில் கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை.

சின்னத்தம்பியின் நாய்: சோறு, சாளைக் குழம்பு மிச்சம், முருங்கை இலைச் சுண்டல், பூசணி, பாண் கரை, ஒரு தரம் என் செருப்பு. உடம்பு பளபளவென்று. (குழம்பில் கிடக்கிற வெங்காயம் நாய்க்குக் கூடாது. அதையும் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள மனமில்லை.)

இரண்டுக்கும் அதே மீன். மீன் எண்ணெய் பழைய நெய் போலக் கெதியில் காறிப்போகும், உடம்புக்குள்ளும்தான். செடிகள் தங்கள் எண்ணெய் காறாமல் இருக்க இலையிலும் விதையிலும் சில பொருட்களை வைத்திருக்கின்றன. பாடப்புத்தகத்தில் ஒட்சியேற்ற எதிரி என்று பெயர். விற்றமின் ஈ அதில் ஒன்று. நாய்க்குச் சோற்றுக் கோப்பையோடு கிடைக்கிறது. பூனைக்கு இல்லை. உடம்புக் கொழுப்பே காறி, மஞ்சளாகி, வீங்கி நோகிறது.

மீனை நிறுத்த வேண்டும். அதுவும் உடப்பில்.

பெப். 8
சின்னத்தம்பியின் மனைவி பாக்கியத்திடம் சொன்னேன். பிழை.

"எங்கட மீனு பூனைக்கு ஆகாதோ?"

"மீன் நல்லது. மீன் மட்டும் என்றால்தான்…"

"பூனைக்கு மீனு ஆகாதெண்டு சொன்ன முதல் ஆள் நீங்கதான் ஐயா. உங்கட ஊரில பால் ஆகாத கண்டுக்குட்டியும் இருக்குதோ?"

நெடுநேரம் விளக்கினேன். கொழுப்பு, காறல், இலை, விதை. அவள் காதில் விழுந்தது ஒன்றுதான்: யாழ்ப்பாணத்து ஐயா கடற்கரைச் சனத்தின் மீனைக் குற்றம் சொல்கிறார். பின்னேரம் கரைப் பக்கம் போனால், வலை இழுத்தவர்களுக்கும் செய்தி போயிருந்தது.

"டொக்டரய்யா, நண்டு தின்னலாமா? அதுக்கும் காய்ச்சல் வருமா?"

சிரிப்பு. குடையை விரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பாக்கியத்துக்கு நான் வேலியருகே விளக்கும்போது சரசு உள்ளே அரிசி அரித்துக்கொண்டிருந்தாள். எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பெப். 11
சிலாபம். பஸ்ஸை நிறுத்தி, இறக்கி ஏற்றிச் சோதனை. அடையாள அட்டையை ஆமிக்காரன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மருந்துக்கடையில் விற்றமின் ஈ குளிசை. யாருக்கு என்று கடைக்காரர் சிங்களத்தில் கேட்டார். மனைவிக்கு என்பதை அவர் பாஷையில் நோனாவுக்கு என்றேன். பூனைக்கு என்றால் சிரிப்பார்.

வாங்கியவை: குளிசை, கோழி இறைச்சி, முட்டை, பிளேடு.

பெப். 13
குளிசையைக் குத்தி எண்ணெயை அவித்த கோழியில் பிழிந்து வைத்தேன். முகர்ந்தது, திரும்பிவிட்டது. மஞ்சள் கருவும் அப்படியே. மீனுக்குப் பழகிய வாய். பட்டினி நீண்டால் ஈரல் கெடும். வாயைத் திறந்து ஊட்டினேன். கை முழுக்கக் கீறல். சரசு வாசலில் நின்று பார்த்தாள்.

பெப். 17
கோழி கொஞ்சம் தின்றது. காய்ச்சல் குறைவு. மழை வரும்போல இருந்தது, வரவில்லை.

பெப். 20
மறுபடி காய்ச்சல். வேலிக்குப் பின்னால் சாளை முள். பாக்கியம்தான். வன்மம் என்று நினைத்துக் கேட்கப் போனேன். கண் கலங்கினாள்.

"வாயில்லாச் சீவன் ஐயா. பட்டினி கிடக்குது. பார்த்துக்கொண்டு இருக்க மனசு வரல்ல."

வன்மம் என்றால் வசதியாக இருந்திருக்கும்.

சின்னத்தம்பி: "என்ர வாசல்ல மீனு போடக் கூடாதெண்டா, ஐயா வேற இடம் பார்க்கலாம்."

பூனை செத்தால் சாகட்டும் என்று நினைத்தேன். நினைத்தபோது ஒன்றும் தோன்றவில்லை. வாசித்த பத்திரிகையையே திரும்ப வாசித்தேன்.

பெப். 21
வேலியருகே ஒரு பெண் குரல். யாருடையது என்று சட்டென்று பிடிபடவில்லை. சரசு.

"அக்கா, கோவிக்காதேங்கோ. உங்கட மீனில பிழை இல்லை. நாங்களும் அதைத்தானே தின்னுறம். இது இலை தழை ஒண்டும் இல்லாமல் மீனே மீனெண்டு திண்டு, உள்ளுக்குக் கொழுப்புக் காறிப்போச்சு. தொட்டா நோகுது அதுக்கு. கொஞ்ச நாளைக்குப் போடாதேங்கோ. எனக்காக."

"ஓம், இப்படி முதல்லயே சொல்லியிருக்கலாமே தங்கச்சி. ஐயா என்னமோ பாடம் நடத்தினார்."

கொழுப்புக் காறிப்போச்சு. நான் சொன்னதுதான். கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பிறகு உள்ளே வந்தாள். தேத்தண்ணீரை வழமை போல மேசையின் மற்றக் கரையில் வைத்தாள்.

மார்ச் 9, ஞாயிறு
பாக்கியம் பூசணிக் கீற்று கொண்டுவந்தாள், பூனைக்காம். பூனை அதன்மேல் காலை வைத்துப் பார்த்துவிட்டுப் போனது. நாய் தின்றது. சின்னத்தம்பி வேறு இடம் பற்றிப் பேச்செடுப்பதில்லை. குளிசையும் கோழியும் ஒழுங்காக உள்ளே போகின்றன.

மார்ச் 30, ஞாயிறு
வெக்கை. கிணற்றுத் தண்ணீர் உப்பு. பூனைக்கு மயிர் மினுங்குகிறது. கட்டிகள் சின்னதாகிவிட்டன. சரசு தொடுவதில்லை. பூனைக்குப் பக்கத்தில் கையைத் தரையில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். பயம். பூனைக்கு நோகும் என்றா, தன்னைக் கடிக்கும் என்றா தெரியாது.

ஏப். 2, புதன்
மத்தியானம். சாப்பிட இருந்தேன். பூனை கதிரைக்குக் கீழே சுற்றிவிட்டு என் மடியில் ஏறியது. என்னிடம் வருவதில்லை அது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுப் பக்கம் கொண்டுபோனேன்.

"முதுகில வேண்டாம்," என்றாள் சரசு. "காதுக்குப் பின்னால. மெல்ல."

என்னிடம்தான். வேறு யாரும் இல்லை.

வைத்தேன். அவளும் கிட்ட வந்து மற்றக் காதுக்குப் பின்னால் விரலை வைத்தாள். பூனை அலறவில்லை. சோறு ஆறிவிட்டது.