பாங்கரில் உறைந்திருந்த அப்பாவின் கொழுப்பு

ஃபோர்ட் கென்ட், மெய்ன்
மார்ச் 22

அன்பு மகள் எலீஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே பெர்த் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் வாடாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் நடுவில் சிரித்துக் கெடுத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வருஷம் காதடியில் கட்டியை எடுத்தபோது அப்பாவின் இடது கன்னம் குழிந்துபோய், அவர் வயிற்றுக் கொழுப்பையே உறிஞ்சி அதில் நிரப்பினார்கள் இல்லையா, அப்போதே டாக்டர் அம்மாள் சொன்னார், வைத்ததில் பாதியை உடம்பே தின்றுவிடும், மறுபடி வைக்க வேண்டிவரும், மிச்சத்தைப் பாங்கர் ஆஸ்பத்திரியில் உறையவைத்துப் பத்திரப்படுத்துகிறோம் என்று. பிறகு கதிர்வீச்சு வைத்ததில் வாயெல்லாம் வெந்து ஆறு மாதம் சூப்பைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை, வயிறு முதுகோடு ஒட்டிவிட்டது. மறுபடி உறிஞ்ச ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. அவருக்கென்று இந்த உலகத்தில் மிஞ்சியிருந்த கொழுப்பு பாங்கரில் உள்ள அந்தச் சின்னப் பைதான். உன் பெர்னடெட் அத்தை ஞாயிறு சாப்பாட்டில் தன் இடுப்பைத் தட்டிக் காட்டி, “என்கிட்ட வேணும்கிற அளவு இருக்கு, எடுத்துக்கச் சொல்லு அண்ணே” என்றாள். சொந்தக் கொழுப்புதான் ஒட்டுமாம் என்றேன். “அண்ணனுக்குச் சொந்தக் கொழுப்பு வாயில நிறைய இருக்கே, அதை எடுக்கக் கூடாதா” என்றாள். அவர் சிரிக்கவில்லை. கழுத்துத் துணியை மூக்குவரை சுற்றிக்கொண்டு, சர்ச்சில் பூசை முடியும்வரை காரிலேயே உட்கார்ந்திருந்த மனுஷன், எதற்குச் சிரிப்பார்.

ஜனவரியில் பனிப்புயல் அடித்து மின்கம்பிகளெல்லாம் அறுந்தன. பாங்கரே இருட்டில் கிடக்கிறது என்று ரேடியோவில் சொன்னதுதான் தாமதம், அப்பா ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிவிட்டார். வழுக்குமே, நாளைக்குப் போகலாம் என்றேன். “என் மூஞ்சி அங்க உருகிட்டிருக்கு வெர்லா, நீ பீன்ஸைக் கிண்டிட்டு நிக்கிற” என்றார். அடுப்பை அணைத்துவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். நாலு மணி நேரப் பாதைக்கு எட்டு மணி நேரம். போய்ச் சேர்ந்தால் எங்களுக்கு முன்னாலேயே ஹோல்டனிலிருந்து ஒரு பெண் மீன் வைக்கும் பெட்டி நிறைய ஐஸோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளுடையதும் அங்கேதான் இருக்கிறதாம். கம்பளித் தொப்பியும் கையுறையுமாக நடுங்கிக்கொண்டிருந்த, அங்கே வேலை பார்க்கும் பெண் எங்கள் மூவரையும் பார்த்துப் பொறுமையாகச் சொன்னாள், “ஐயா, அது கரண்ட்ல ஓடல, திரவ நைட்ரஜன்ல இருக்கு. ரெண்டு வாரம் கரண்ட் இல்லாட்டியும் உங்க கொழுப்பு கல்லாட்டம் இருக்கும். விறைச்சுப் போறது நாங்கதான்.” அப்பா விடவில்லை. கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். திறக்க முடியாது என்று எஃகுத் தொட்டியை மட்டும் காட்டினாள். தொப்பியைக் கழற்றிவிட்டு அதன்மேல் கை வைத்து நின்றார் எலீஸ், எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்றே தெரியவில்லை.

வந்தது வந்தோம் என்று ஜெனரேட்டரை வாசலில் ஓடவிட்டு உள்ளே ஹீட்டருக்கும் காப்பி மெஷினுக்கும் ஒயர் இழுத்துக் கொடுத்தார். கழுத்துத் துணி எண்ணெயாகிவிட்டது என்று அவிழ்த்துப் போட்டவர் அதை மறந்தே போனார். பத்து பேர் சுற்றி நின்று காப்பி குடித்தார்கள். ஹோல்டன்காரி அவர் கன்னத்தை நேராகப் பார்த்து, “அதுக்கா?” என்றாள். ஆமாம் என்றார். “எனக்கு இங்க” என்று கோட்டின் இடது மார்பைத் தட்டினாள். “பொட்டலம் மாறிடாமப் பாத்துக்கம்மா, உன்னுதை என் கன்னத்துல வச்சுட்டா நான் பாதிரியார் முன்னால எப்படிப் போய் நிக்கிறது” என்றார் உன் அப்பா. இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு வருஷமாகக் கேட்காத அவர் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். நான் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி முதல் வாரம் வைத்தார்கள், நன்றாகப் பிடித்திருக்கிறது. ஆனால் அது வயிற்றுக் கொழுப்புதானாம், எடை ஏறினால் கன்னமும் ஏறுமாம், அதனால் அத்தை கொண்டுவரும் ப்ளூபெரி பழம் அடைத்த பலகாரத்தைத் தின்றுவிட்டுக் கரண்டியின் பின்புறத்தில் கன்னத்தைப் பார்த்துக்கொள்கிறார். போன செவ்வாய் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனோம். அங்கிருந்த பெண் தயங்கித் தயங்கி, “பழைய போட்டோவே இருக்கு சார், அதையே போட்டுரவா” என்றாள். “அந்த ஆளை எனக்குத் தெரியாதும்மா, புதுசா எடு” என்றார். வாய் கொஞ்சம் இடது பக்கம் இழுத்திருக்கிறது, இருந்தாலும் சிரித்திருக்கிறார்.

கடவுள் உங்கள் இருவரையும் கண்ணும் கருத்துமாகக் காக்கட்டும். வெயிலில் தொப்பி போடாமல் இறங்காதே, தோளில் உள்ள மச்சத்தை டாக்டரிடம் காட்டு, காட்டினேன் என்று பொய் சொல்லாதே. லைசென்ஸின் பெரிய நகல் ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். உறை சின்னது, மடிக்க வேண்டியதாயிற்று, கன்னத்தில் மடிப்பு விழாமல் பார்த்து மடித்திருக்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா வெர்லா