பிரசாதம் ஞாயிற்றுக்கிழமைதான்

நேற்றுக் காலை விமானத்திலிருந்து இறங்கினேன். பெட்டி இன்னும் ஹாலில் பூட்டியபடியே நிற்கிறது. பூட்டையும் மீறி விபூதி வாசம் இந்த பிரிக்ஃபீல்ட்ஸ் வீடு முழுக்கப் பரவிவிட்டது. அந்த வாசத்தோடு நீயும் வந்து இடுப்பில் கை வைத்து நிற்கிறாய். "இன்னும் என்னடி உக்காந்திருக்க? கெளம்பு!" என்கிறாய். கிளம்ப மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வருடா வருடம் சிநேகிதிகள் நாம் இருவரும் தமிழ்நாட்டுக்குப் போய்க் கோயில் கோயிலாகச் சுற்றினோம். திரும்பி வந்த அன்றே வீடு வீடாகப் பிரசாதம் கொடுத்தாக வேண்டும் என்பது உன் சட்டம். "வந்த கால்லயே குடுத்தாத்தான்டி அது பிரசாதம். நாலு நாள் கழிச்சுக் குடுத்தா வெறும் சாமான்" என்பாய். சாமானுக்கும் குறைவில்லை. ஒருத்திக்குச் சுண்டைக்காய் வத்தல், இன்னொருத்தியின் மருமகளுக்கு ரவிக்கைத் துணி. குளிக்கக்கூட மாட்டோம். சாலாக் செலாத்தானில் தொடங்கி, கிள்ளான் போய், கேரி தீவில் முடிப்போம். "அடடா, இறங்கினதும் நேரா இங்க வந்துட்டீங்களா!" என்று யாராவது மெச்சினால் உனக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும். எனக்கும்தான், பொய் எதற்கு?

கடைசித் தடவை, பன்னிரண்டு நாள் பேருந்தில் அலைந்துவிட்டு வந்து இறங்கும்போதே உன் இடது கால் வீங்கியிருந்தது. காரில் உட்கார்ந்ததும், வாழ்நாளில் முதல்முறையாக நீயே கேட்டாய்: "இன்னிக்கு வேணாமா?" நான்தான் பெரிய இவளாட்டம், "அல்வா காஞ்சிடும்லா. குடுத்துட்டு வந்து படுத்துக்கலாம்" என்றேன். கேரி தீவில் நீ நொண்டிக்கொண்டே போய் நீட்டிய பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அந்த வீட்டு அக்கா, "முறுக்கு இல்லையா?" என்றார். ஒரு நாற்காலி எடுத்துப் போடவில்லை, பாவி.

மறுநாள் மூச்சு வாங்குகிறது என்றாய். மூன்றாம் நாள் நீ இல்லை. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். படுத்திருந்தால் பிழைத்திருப்பாயா, எனக்குத் தெரியாது. அன்றே வீட்டுக்குப் போயிருந்தால் அந்த வீங்கிய காலை யாராவது பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பார்கள்.

இன்று காலை கிள்ளானிலிருந்து என் அண்ணி போன் செய்தார்.

"வந்து ஒரு நாளாச்சு, பிரசாதம் வரலையே?"

"ஞாயித்துக்கிழமை வாங்க அண்ணி, வந்து எடுத்துக்குங்க."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். நம் ஆட்களிடம் காய்ச்சல் இருந்தால்தானே படுக்க அனுமதி! எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கும்போதே படுக்கறேன்."

"சாமி காரியத்துல இப்படியா பேசுவ?"

"சாமிக்கு ஒண்ணும் அவசரம் இல்ல அண்ணி. உங்களுக்குத்தான் அவசரம்."

பட்டென்று போனை வைத்துவிட்டார். வைக்கட்டும். இனி கல்யாண வீடுகளில் என்னைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும். பேசிவிட்டுப் போகட்டும்.

இப்போது காலை பதினொரு மணி. திரையை இழுத்துவிட்டு, காலுக்கு இரண்டு தலையணை வைத்துப் படுக்கப் போகிறேன். முறைக்காதே. நீ முறைத்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.

"வேணாம்டி, வீட்டுக்குப் போகலாம்." அன்றைக்குக் காரில் நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான். மூன்று வருடமாக அதைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.