ஆறாவது ஆட்டக்காரி

ஜனவரி 16

இன்றும் இயற்பியல் அறையில் காவல். ஒரு மேசை, ஒரு திரை, ஒரு மாணவி, ஒரு கைப்பந்துப் பயிற்சியாளன். ஐந்து மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள ஒமாஹா நகரில் உட்கார்ந்துகொண்டு திருமதி பெல்லமி பாடம் நடத்துகிறார். எங்களைப் போன்ற ஏழு சிறிய பள்ளிகளின் பிள்ளைகள் கட்டம் கட்டமாகத் தெரிகிறார்கள். எங்கள் கட்டத்தில் டெஸ்ஸா மட்டும்தான். இங்கிருந்த இயற்பியல் ஆசிரியர் போய் இரண்டு வருடமாகிறது. நெப்ராஸ்காவின் இந்த மணற்குன்றுகளுக்கு நடுவே வந்து குடியேற யாருக்குத் தலையெழுத்து? ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை.

எனக்கு இயற்பியல் தெரியாது. தெரிய வேண்டியதில்லை என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். திரை ஓடுகிறதா, பிள்ளை இருக்கிறதா, அது போதும். நான் செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கம் படிக்கிறேன்.

ஜனவரி 19

தீவனக் கடையில் டெஸ்ஸாவின் அப்பா லோரனைப் பார்த்தேன். மகளை அடுத்த வருடம், பள்ளியின் கடைசி வருடத்துக்கு, நார்த் பிளாட் நகரில் தன் தங்கை வீட்டில் விட்டுப் படிக்க வைக்கப் போகிறாராம். "அங்க உசுரோட வாத்தியார் இருக்காரு" என்றார்.

அவள் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்கிறாள். இயற்பியல், வேதியியல் இல்லாமல் எந்தப் பல்கலைக்கழகமும் உள்ளே விடாது. லோரனிடம் பேசிப் பேசி ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தேன். இந்த வருடம் இந்தத் திரை வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினால் இங்கேயே இருப்பாள், இல்லையென்றால் போவாள்.

எனக்கென்ன அவ்வளவு அக்கறை? என் நாட்குறிப்பில் நானே பொய் எழுதுவானேன். கைப்பந்துக்கு ஆறு பேர் வேண்டும். வரும் வருடம் என்னிடம் மிச்சமிருப்பது சரியாக ஆறு பேர். அவள் போனால் பக்கத்து ஊர் டார்லோ பள்ளியோடு சேர்ந்துதான் ஆட வேண்டும். டார்லோவோடு! அவர்களுடைய ஊதாச் சட்டையைப் போடுவதைவிட லோரன் பண்ணையில் சாணி அள்ளுவேன் என்று என் மனைவி லினெட்டிடம் சொன்னேன். அவள் சிரிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை.

பிப்ரவரி 8

பனிப்புயல். கூரையிலுள்ள டிஷ் உறைந்து திரை நின்றுவிட்டது. ஏணி போட்டு ஏறித் துடைப்பத்தால் தட்டினேன். கீழே ஜன்னலைத் திறந்து டெஸ்ஸா, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம், கோச்" என்று கட்டளை போட்டாள். விரல்களில் இன்னும் உணர்வு வரவில்லை. எல்லாம் ஆறாவது ஆளுக்காக.

மார்ச் 12

பசுக்கள் கன்று போடும் காலம். டெஸ்ஸா வகுப்பிலேயே தூங்கிவிட்டாள். பெல்லமி பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திடுக்கிட்டு எழுந்து, "ராத்திரி ஒரு கன்னு மாட்டிக்கிச்சு, இழுத்துக்கிட்டிருந்தேன்" என்றாள்.

திட்டு விழும் என்று நினைத்தேன். பெல்லமியோ எப்படி இழுத்தாய் என்று கேட்டார். இவள் சொன்னாள். முன்னங்கால் இரண்டிலும் சங்கிலி, ஒரு சமயத்தில் ஒரு கால், தோள் வெளியே வந்தபிறகு நேராக இழுக்காமல் கீழ்நோக்கி, அதுவும் தாய் முக்கும்போது மட்டும். பெல்லமி பலகையில் பசுவின் பின்பக்கத்தை வரைந்து (படு மோசமான படம்) அதிலிருந்து அம்புக்குறிகள் போட்டார். எந்தப் பக்கம் எவ்வளவு விசை, கோணம் மாறினால் என்ன ஆகும். மற்ற கட்டங்களில் அரைத்தூக்கத்தில் இருந்த பிள்ளைகளெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நானும்தான். வருடம் முழுக்கப் பார்த்த அம்புக்குறிகள் இன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தன.

மார்ச் 13

செய்தித்தாள் வாங்கவில்லை.

மே 15

இப்போதுதான் ஊர்க்காரர் ஹோலிஸின் பண்ணையிலிருந்து வந்தேன். போன வாரம் மழையால் தள்ளிப்போன சூட்டு நாள் இன்று நடந்தது. கன்றுகளுக்கு அடையாளச் சூடு போட ஊரே அங்கே இருந்தது. பள்ளியில் யாரும் இல்லை. நான் கன்றுகளைப் பிடித்துக் கொடுத்தேன், டெஸ்ஸா ஊசி போட்டாள்.

வீட்டுக்கு வந்து போனை எடுத்தால் பெல்லமி பதிவு செய்து வைத்திருந்த குரல். "இன்னைக்கு இறுதித் தேர்வு. டெஸ்ஸா வரல. ரொம்ப நேரம் காத்திருந்தேன். உடம்புக்கு ஏதாவதா?"

ஐயோ. தேதிய நான்தானே சுவத்துல ஒட்டினேன்! தினமும் அதுக்கு எதிர்லதானே உட்கார்ந்திருந்தேன். என்ன மனுஷன் நான்?

மே 16

காலையில் டெஸ்ஸாவிடம் சொன்னேன். "ஸ்கூல் இல்லன்னா பரீட்சையும் இல்லன்னு நெனச்சுட்டேன், கோச்." அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. லோரன் ஒரே வார்த்தைதான் சொன்னார், தங்கைக்குப் போன் பண்ணிவிடுவதாக.

பெல்லமியைக் கூப்பிட்டேன். சொல்லாமல் வராதவர்களுக்குப் பூஜ்யம், அது விதி என்றார். முன்னாடியே ஒரு வரி எழுதியிருந்தால் போதுமாம். சூட்டு நாள் என்றேன். அது பண்டிகையா என்று கேட்டார். பண்டிகை இல்லை, ஆனால் அதற்கு இங்கே யாரும் விடுப்பு எழுதுவதில்லை, எழுதினால் வாங்கிக்கொள்ள வேண்டியவரும் அங்கேதான் கன்று பிடித்துக்கொண்டிருப்பார் என்றேன்.

என் அணியைப் பற்றிச் சொல்லிக் கெஞ்சத்தான் கூப்பிட்டேன். வாயில் வந்ததோ வேறு. "இவ போயிட்டா இந்த ரூமைப் பூட்டிடுவாங்கம்மா. ஏழாவதுல ரெண்டு பொண்ணுங்க இருக்கு. அதுங்களுக்கு இந்தத் திரைகூட இருக்காது."

அவர் சொன்னார்: "சனிக்கிழமை தோட்டத்துல விழுந்து கிடக்கிற மரத்தை வெட்ட ஆள் சொல்லியிருக்கேன். அதைத் தள்ளிப் போடறேன். புதுக் கேள்வித்தாள் தயார் பண்றேன். பொண்ணைக் கூட்டிட்டு வந்து உட்கார வைங்க."

போனை வைத்ததும் லோரனைக் கூப்பிட்டு, மரம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

மே 18

எழுதினாள். பெல்லமி திரையிலிருந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். நானும் கேள்வித்தாளைப் படித்தேன். சரிவில் நிற்கும் வண்டியைப் பற்றிய கேள்விக்கு எனக்கே விடை தெரிந்தது. சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்ததுதான் கொடுமை.

மே 22

எண்பத்தொன்பது. போகவில்லை! இங்கேதான்.

மே 27

பெல்லமி போன் செய்தார். நேற்று முன்பின் தெரியாத ஆள் ஒருவர் லாரியோடு வீட்டு வாசலில் வந்து நின்றாராம். மரம் எங்கே என்று கேட்டாராம். சாயங்காலத்துக்குள் மொத்த மரத்தையும் அறுத்து அடுக்கிவிட்டு, கொடுத்த ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாராம். யாரென்று கேட்டதற்கு "டெஸ்ஸா அப்பா" என்று மட்டும் சொன்னாராம்.

"பணம் குடுத்தா வாங்க மாட்டேன்னுட்டார். இது என்னங்க வழக்கம்?"

சூட்டு நாள் வழக்கம் என்றேன். ஒருவர் நமக்காக ஒரு நாள் வந்து கை கொடுத்தால், நாமும் அவருக்காக ஒரு நாள் போக வேண்டும். நீங்கள் உங்கள் சனிக்கிழமையைக் கொடுத்தீர்கள். மதிப்பெண் வரட்டும் என்று காத்திருந்து, வந்த பிறகுதான் போயிருக்கிறார்.

தீவனக் கடையில் லோரனிடம் கேட்டுப் பார்த்தேன். "நல்லா காஞ்ச மரம்" என்றார்.

ஆகஸ்ட் 6

டெஸ்ஸா வந்தாள். நின்றாள். ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. வேதியியலும் இந்த வருடம் திரையில் உண்டாம். ஏழு பள்ளிகளுக்கும் ஒத்துவருகிற நேரம் பள்ளி விட்ட பிறகு மட்டும்தானாம்.

"அது பிராக்டிஸ் நேரம், கோச்."

தெரியும். அந்த நேரத்துக்கு அறையில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் தெரியும். என்னைத் தவிர வேறு ஆளில்லை என்பதும் தெரியும். முடியாது என்று நான் சொன்னால் கதை முடிந்தது. அவளுக்கும் அது தெரிந்திருந்தது.

"நீங்க வேணாம்னா நான் எடுக்கல. அப்பாகிட்ட இன்னும் சொல்லல."

என்ன அநியாயம் இது? துடைப்பத்தோடு கூரை ஏறினது யார்? ஒமாஹாவுக்குப் போன் போட்டுக் கெஞ்சினது யார்? ஐந்து பேரை வைத்துக்கொண்டு நான் என்ன ஆடுவது? இதையெல்லாம் மனசுக்குள் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பெண் அப்படியே நின்றாள்.

எடுத்துக்கோ என்றேன்.

ஆகஸ்ட் 7

டார்லோ பயிற்சியாளரைக் கூப்பிட்டேன். எங்கள் ஐந்து பேரும் அவர்கள் அணியில் ஆடுவார்கள். நான் உதவிப் பயிற்சியாளன், போட்டி நாட்களில் மட்டும். அந்த ஆள் தேனொழுகப் பேசினான். அதுதான் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 20

டார்லோவிலிருந்து பொட்டலம். ஊதாச் சட்டை. பிரித்த கையோடு லினெட், "சாணி அள்ளப் போகலையா?" என்று கேட்டாள். ஜனவரியிலிருந்து காத்திருந்திருக்கிறாள்.

போட்டுப் பார்த்தேன். தோளில் பிடிக்கிறது. கழற்ற நேரமில்லை, அதோடேயே பள்ளிக்கு ஓடினேன். வேதியியல் முதல் வகுப்பு. டெஸ்ஸா சட்டையைப் பார்த்தாள். மேசையில் தன் புத்தகத்தை நகர்த்தி, எனக்கும் தெரிகிற மாதிரி நடுவில் வைத்தாள்.