பொங்காலை அன்று பிழிந்த அன்னாசி

கரமனை, திருவனந்தபுரம்
12-3-2001

என் அருமை மகள் ஷிஜாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை நயினாரும் சின்னவன் சுஜினும் மஸ்கட்டில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் காலையும் மாலையும் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறோம். உன் கடிதமும் பிள்ளையின் போட்டோவும் போன மாதமே வந்து சேர்ந்தன. உடனே பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே மக்ளே, அப்பாவுக்குப் பழைய இழுப்பு திரும்பி வந்து ஒரு வாரம் படுத்துவிட்டார், இப்போது பரவாயில்லை, நேற்று சந்தைக்குப் போய் நெத்திலி வாங்கி வரும் அளவுக்குத் தேறிவிட்டார். எனக்குக் கண்ணாடி மாற்றினார்கள், அதைப் போட்டுக்கொண்டு படியிறங்கினால் தரை எங்கேயோ கிடப்பதுபோல் இருக்கிறது. இங்கே வெயில் இந்த வருஷம் மாசியிலேயே மண்டையைப் பிளக்கிறது. கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டது.

நீ கேட்டிருந்த அன்னாசித் தண்ணீர் விஷயம் சொல்கிறேன். அங்கே டின்னில் வருவது மருந்து மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாய், பின்னே எப்படி இருக்கும். பழத்தின் அடிப்பக்கத்தை மூக்கில் வைத்துப் பார், வாசம் அடித்தால் மட்டும் வாங்கு. தோல் சீவுமுன் நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொள், ஏனென்றால் தோலை எறியக் கூடாது, பாதிக் காரியம் அதில்தான் இருக்கிறது. தோலையும் நடுத்தண்டையும் ஒரு துண்டு இஞ்சி தட்டிப்போட்டுத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, வீடு முழுக்க மணம் வந்ததும் இறக்கி ஆறவை. சதையைப் பொடியாக நறுக்கி, மேலே சர்க்கரை தூவி அரைமணி நேரம் மூடிவைத்தால் அதுவாகவே நீர் விட்டுக் கிடக்கும். மிக்சியில் மட்டும் போடாதே, நுரை கட்டி ஒரு கசப்பு வந்துவிடும். கையாலேயே பிசைந்து, வெள்ளைத் துணியில் முறுக்கிப் பிழி. ஆறிய தோல் தண்ணீரை வடிகட்டி அதோடு சேர்த்து, அரை எலுமிச்சம்பழமும் ஒரு சிட்டிகை உப்பும் போடு. அவ்வளவுதான், இதில் ஒரு ரகசியமும் கிடையாது, பொறுமை ஒன்று இருந்தால் போதும், அது உனக்குச் சின்னதிலிருந்தே கிடையாது. சர்க்கரை தூவி மூடிவைத்த சட்டியை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து விரலை விட்டு நக்குவாய். கைதச்சக்கை என்று மலையாளத்தில்தான் சொல்வாய், அன்னாசி என்று நான் திருத்தினால் டீச்சர் வேலையை ஸ்கூலோடு வைத்துக்கொள் என்று எனக்கே புத்தி சொல்வாய்.

இதை எழுதும்போது பழைய பொங்காலை நாட்கள் எல்லாம் கண் முன்னால் வருகின்றன. ஆற்றுகால் அம்மன் கோவிலிலிருந்து நம் ரோடு வரைக்கும், அதற்கு அப்பாலும், இடம் விடாமல் பெண்கள் அம்மனுக்குப் பொங்கலிட செங்கல் அடுப்பு வைத்து உட்கார்ந்திருக்க, நம் வீட்டுக் கேட்டை முழுக்கத் திறந்துவைத்து, பெரிய அண்டாவில் அன்னாசித் தண்ணீர் கலக்கிவைப்போம், நீ தூக்குவாளியும் நாலு தம்ளருமாக அடுப்புகளுக்கு நடுவே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவாய். ஆறாம் கிளாஸ் படிக்கும்போது ஒரு வருஷம் பாவாடை ஓரம் தீப்பிடித்து, கொல்லத்திலிருந்து வந்திருந்த ஒரு பாட்டியம்மா பானையில் உலை வைத்திருந்த தண்ணீரை அப்படியே உன்மேல் கொட்டிவிட்டார்கள், அது இன்னும் சூடேறாமல் இருந்தது தேவ கிருபை. நீ அழவில்லை, அவருக்கு வேறு தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டுத்தான் உடுப்பு மாற்றப் போனாய். நம் சபையில் சிலர் பொங்காலைக்காரர்களுக்கு நீங்கள் ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள், தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க யாரிடம் கேட்க வேண்டும் என்று அப்பா சொன்னதோடு வாயை மூடிக்கொண்டார்கள். உப்பு தொடாமல் விரதம் இருப்பவர்களுக்காக உப்பு போடாத குடம் ஒன்று தனியாக வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்ததும் நீதான். அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது.

இந்த வருஷப் பொங்காலை முடிந்து மூன்று நாள் ஆகிறது. அன்று நடந்ததைத்தான் உனக்கு எழுத வேண்டும், அதற்காகவே இரண்டு நாளாகப் பேனாவை எடுத்தும் வைத்தும் இருக்கிறேன். காலையில் அப்பா அண்டாவைக் கேட்டருகில் கொண்டுவைத்தார், நான் தட்டில் தம்ளர்களை அடுக்கி மதிலோரமாகக் கொடுத்துக்கொண்டு போனேன். நம் கேட்டுக்கு நேர் எதிரே, மூன்றாவது அடுப்பில், சந்தன நிறப் புடவை கட்டிய ஒரு அம்மா இருந்தார்கள். தம்ளரை நீட்டினேன், வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். விரதமாக்கும் என்று நினைத்து அடுத்தவரிடம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அப்பாதான் என் காதருகில், “தங்கம், அது மாப்பிள்ளைக்க அம்மை இல்லியா” என்றார். மாப்பிள்ளையிடமிருந்த பழைய போட்டோவில் பார்த்த ஞாபகம் அவருக்கு. பார்த்தேன். உலகம்மை அம்மாள்தான். நயினாரின் நெற்றியும் அந்தப் புருவமும் அப்படியே இருந்தன. தட்டை அப்பா கையில் கொடுத்துவிட்டு நான் அடுக்களைக்குள் போய் நின்றுவிட்டேன் மக்ளே.

ஏன் அப்படி உள்ளே போனேன் என்று உனக்குத் தெரியாது. உன்னிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். உங்கள் ரெஜிஸ்டர் கல்யாணத்துக்கு முந்தின மாதம், அவர்கள் வீட்டிலிருந்து யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று உன்னிடமும் மாப்பிள்ளையிடமும் சொன்னேன் அல்லவா, அது நிஜமில்லை. நீ வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் அந்த அம்மா வலியசாலையிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்து நம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் வீட்டுக்காரர் நம்மைப் பற்றிப் பேசிய பேச்சு அதற்கு முந்தின நாள்தான் என் காதுக்கு எட்டியிருந்தது. எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. அவர்கள் வாயைத் திறக்குமுன்னே, “உங்க மகன நீங்க பிடிச்சு வையுங்க, என் மகள எனக்குத் தெரியும்” என்று சொல்லி, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வேகிற வெயிலில் வந்து நின்றவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு போனார்கள். வருஷா வருஷம் முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு அண்டாவில் கலக்கிக் கொடுக்கிறவள் நான். அப்பாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

கோவிலில் தீ மூட்டினார்கள் என்று மைக்கில் சொன்னதும் அடுப்புக்கு அடுப்பு தீ கைமாறி ரோடு முழுக்கப் புகை மூடிவிட்டது. பத்தடியில் ஆள் தெரியவில்லை. அப்பா இருமிக்கொண்டே ஜன்னல்களைச் சாத்தினார். பானை பொங்கிக் குரவை கேட்டு முடிந்த பிறகு, யாரோ டீச்சரே, டீச்சரே என்று கூப்பிட்டார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் உலகம்மை அம்மாள் மதிலில் சாய்ந்து கண்ணை மூடிக் கிடக்கிறார்கள். அவர்களோடு வலியசாலையிலிருந்து வந்திருந்த பக்கத்து வீட்டு ராஜமணி என்கிறவர் முறத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாளிலிருந்து பட்டினி, அதோடு புகையும் வெயிலும். நான் எதையும் யோசிக்கவில்லை, அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினேன், அந்தப் பக்கம் ராஜமணி பிடித்தார்கள், உள்ளே கொண்டுவந்து ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்து முகத்தைத் துடைத்துவிட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ராஜமணி வெளியே போய்விட்டார்கள்.

அண்டாவும் குடமும் அதற்குள் காலி. பழம் ஒன்றே ஒன்று மிச்சம், சின்னது. தோல் வேகவைக்கவெல்லாம் நேரமில்லை, நறுக்கிச் சர்க்கரை போட்டுப் பிசைந்து, துணியில் கட்டி முறுக்கினேன். எனக்கு மணிக்கட்டில் வலி இருப்பது உனக்குத் தெரியுமே, பாதியில் கை நின்றுவிட்டது. அந்த அம்மா எழுந்துவந்து துணியின் மறு நுனியைப் பிடித்தார்கள். நான் ஒரு பக்கம் முறுக்க, அவர்கள் மறுபக்கம் முறுக்க, சாறு பாத்திரத்தில் விழுந்தது. இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. துணியைப் பார்த்துக்கொண்டேதான் நான் கேட்டேன், அன்றைக்கு என்ன சொல்ல வந்தீர்கள் என்று. “பொண்ண ஒரு தடவ பாக்கணும்னுதான் வந்தேன். வேற ஒண்ணும் சொல்ல வரல்ல” என்றார்கள். மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன், சரியாகச் சொன்னேனா என்றுகூடத் தெரியாது. அவர்கள் துணியை உதறி, திரும்பவும் நனைத்து, இதில் இன்னும் இருக்கிறது என்று சொல்லி மறுபடி பிடித்தார்கள்.

தம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்கள். முழுக்கக் குடித்தார்கள். பிறகுதான் ஷோகேஸில் இருந்த சுஜின் போட்டோவைப் பார்த்தார்கள், இல்லை, வந்ததிலிருந்தே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அப்போதுதான் கிட்டே போனார்கள். நான் எடுத்துக் கையில் கொடுத்தேன். பேரு என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். சுஜின், சுஜின் என்று இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்கள். எட்டு மாசம் ஆகிறது, தவழ ஆரம்பித்துவிட்டான், பல் இரண்டு முளைத்திருக்கிறது என்று நீ எழுதியதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, போட்டோவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வழக்கமாகக் கோட்டைப் பக்கம்தான் பொங்காலை இடுவார்களாம், இந்த வருஷம் பேரன் பிறந்த செய்தி யார் மூலமோ காதில் விழுந்ததால், முந்தின நாள் சாயங்காலமே வந்து நம் கேட்டுக்கு எதிரே செங்கல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே வர நினைக்கவில்லையாம், வாசலிலிருந்தாவது வீட்டைப் பார்க்கலாமே என்றுதானாம். தம்ளரை ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டேன், நான் யார் என்று தெரியாமல் நீங்கள் கொடுத்ததை எப்படி வாங்குவது என்றார்கள்.

பிறகு அடுப்புக்குத் திரும்பிப் போனவர்கள், சாயங்காலம் பானைகளில் தீர்த்தம் தெளித்து முடிந்து கூட்டம் கலைந்தபோது விடைபெற வந்தார்கள். சாமிக்குப் படைத்ததை நாம் சாப்பிடுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் பானையில் போடாமல் மிஞ்சின கருப்பட்டியும் ஒரு முழுத் தேங்காயும் பொதிந்து, “இது படைக்காதது” என்று என் கையில் வைத்தார்கள். அப்பா அந்தக் கருப்பட்டியில் தினமும் காப்பி கேட்கிறார். வீட்டில் பெரியவர் மனசு மாற இன்னும் நாளாகும், ஆனால் இங்கே வந்துபோனதை ஒளிக்கப் போவதில்லை, நானே சொல்லிக்கொள்வேன் என்றார்கள். போட்டோவை அவர்களுக்கே கொடுத்துவிட்டேன். நீ எனக்கு வேறொன்று அனுப்பு, தவழ்கிற மாதிரி.

மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் நீதான் சொல்ல வேண்டும். அம்மா தன்னைத் தேடி வரவே இல்லை என்ற வருத்தம் மூன்று வருஷமாக அவர் மனதில் இருப்பது எனக்குத் தெரியும், போன தடவை லீவில் வந்தபோது வலியசாலை வழியாகப் போகாமல் சுற்றிப் போனாரே. அந்த வருத்தத்துக்குக் காரணம் நான். இந்தக் கடிதத்தை அப்படியே அவர் கையில் கொடுத்தாலும் சரி. அவர் என்மேல் கோபப்பட்டால் அது நியாயம், நீ நடுவில் புகுந்து எனக்காகப் பேச வேண்டாம். ஆனால் முதலில் அவர் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதட்டும். விலாசம் மாறவில்லை.

பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள், ஏ.சி. காற்று நேரே படும்படி படுக்கவைக்காதே. நீயும் வேளைக்குச் சாப்பிடு, டியூட்டி டியூட்டி என்று பட்டினி கிடக்காதே. அப்பா உங்கள் மூன்று பேருக்கும் அன்பு சொல்லச் சொன்னார். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உங்கள் குடும்பத்துக்குச் சமாதானம் கட்டளையிடுவாராக.

இப்படிக்கு,
உன்னை எப்போதும் நினைத்திருக்கும் அம்மா,
ச. தங்கபாய்

பின்குறிப்பு: ஒன்று விட்டுப்போயிற்று. கேட் வரைக்கும் போன அந்த அம்மா, பானையை இடுப்பில் வைத்தபடியே திரும்பி வந்து உனக்கு ஒன்று எழுதச் சொன்னார்கள். மகன் பேரை அன்று முழுக்க அவர்கள் ஒரு தடவையும் சொல்லவில்லை, அப்போதும் சொல்லவில்லை. “கைதச்சக்கைத் தண்ணியில அவனுக்கு ஐஸ் போட்டுக் குடுக்காண்டாம்னு எழுதுங்க. சின்னதிலேயே அவனுக்குத் தொண்ட கட்டிக்கிடும்” என்றார்கள். மறக்காமல் பார்த்துக்கொள்.