டோனர் மாற்றிய நாள்

செவ்வாய், இரவு.

டோனர் மை தீரப்போகிறது என்று காலையிலேயே அச்சுக்கடை பிரிண்டர் காட்டியது. "குலுக்கிப் போடுலா, இன்னும் ஓடும்," என்றார் முதலாளி.

மதியம் ஓர் அக்கா வந்தார். பிறை நகரில் தொழிற்சாலைக்குப் போகும் வழியில் லாரி மோதி அவருடைய தம்பி இறந்துவிட்டான். படத்தோடு கருமக்கிரியை அழைப்பு வேண்டுமாம். குலுக்கிப் போட்டுத்தான் அச்சடித்தேன். முகம் வெளிறி, அதன் மேல் வெள்ளைக் கோடு விழுந்தது.

"புதுசு மாத்தட்டுமா அண்ணே?"

"சாவு நோட்டீஸ்தானே தம்பி, போதும்லா."

ஹோட்டல் மெனு என்றால் உடனே மாற்றச் சொல்வார்.

முதலாளி சொன்னது அக்காவுக்கும் கேட்டது. தாளைப் பார்த்து மெதுவாக, "அவன் நல்லா கறுப்பா இருப்பான்," என்றார்.

முதலாளி கத்தக் கத்தப் புது டோனரை மாட்டினேன். முகம் தெளிவாக வந்தது. அதுவரை அழாத அக்கா, அதைப் பார்த்துத்தான் அழுதார்.