வாண்டோட சித்திக்கு ஒரு கேள்வி

ஜூலை 7, செவ்வாய்

இன்றும் இல்லை.

காலையில் பெரியவளுக்கு ஷூ லேஸ் அறுந்துவிட்டது. வேறு லேஸ் எங்கே இருக்கிறது என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அது அவளுக்கும் தெரியும். என்ன செய்தாள்? கூடத்தின் நடுவில் நின்று மின்விசிறியைப் பார்த்து, "வேற லேஸ் எங்க இருக்குன்னு தெரியலையே" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். "தேங்க்ஸ்" என்றாள். அதுவும் மின்விசிறிக்குத்தான்.

நான் இவரைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வாண்டு, இரண்டாம் வகுப்பு, வந்த அன்றே "சித்தி" என்று காலைக் கட்டிக்கொண்டான். பெரியவள் ஏழாம் வகுப்பு. மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பாள், நான் வந்தால் நாற்காலியை நகர்த்திப் போடுவாள். ஆனால் என்னை இதுவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சித்தி இல்லை, ஆன்ட்டி இல்லை, ஒரு "ஏங்க" கூட இல்லை. கதைகளில் வரும் சித்திகளுக்கெல்லாம் கெட்ட பேர். எனக்கு அந்தப் பேர்கூட முழுசாகக் கிடைக்கவில்லை.

ஜூலை 9, வியாழன்

வாண்டு தேர்வில், சூரியன் எங்கே உதிக்கும் என்ற கேள்விக்கு "எதிர்வீட்டு மாடிக்குப் பின்னால்" என்று எழுதி முட்டை வாங்கி வந்திருக்கிறான். இவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிற ஆள். "கண்ணால பாத்ததைத்தானே எழுதியிருக்கான், அதுக்கு ஏன் முட்டை?" என்று மகனுக்கு வக்காலத்து வேறு.

எனக்கு ஒரு யோசனை. இரண்டு பேர் பாடத்தையும் சேர்த்து வீட்டிலேயே ஒரு வினாடி வினா விளையாட்டு செய்தால் என்ன? அட்டைக்கா பஞ்சம்? நான் வேலை பார்ப்பதே அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில்.

ஜூலை 11, சனி

சூப்பர்வைசரிடம் கேட்டு, வெட்டியதுபோக மிச்சம் விழுகிற அட்டைத் துண்டுகளை ஒரு பை நிறைய அள்ளி வந்தேன். எல்லாம் கையடக்கமாக வெட்டியாயிற்று. வாண்டு தன் பாடப் புத்தகங்களோடு வந்து மடியில் உட்கார்ந்தான். பெரியவள் அறிவியல் புத்தகத்தை ஒரு வார்த்தை பேசாமல் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். சம்மதம் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

ஒரு பக்கத்தில் கேள்வி, அதற்குக் கீழே சிறிய எழுத்தில் பதில். மறுபக்கம் வெறுமையாக விடக் கை வரவில்லை. தொழிற்சாலையில் நான் செக்கிங் பிரிவு. பெட்டியின் மூலையில் லாட் நம்பர் இல்லாவிட்டால் அதைக் கீழே வைக்க மாட்டேன். அதனால் எல்லா அட்டைக்கும் வெளிப்பக்க மூலையில் 1, 2, 3 என்று நம்பர் போட்டேன். "எதுக்கு?" என்றார் இவர். எதுக்கென்றால்? நம்பர் இல்லாத அட்டை அட்டையா?

விதிகள்: முதலில் பத்துப் புள்ளி எடுப்பவருக்கு ஒரு வாரம் பாத்திரம் கழுவுவதிலிருந்து விடுதலை. கேள்வி கேட்பவர், யாரைக் கேட்கிறாரோ அவரைக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது விதி யாருக்காக என்று இங்கேகூட எழுத வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 12, ஞாயிறு

முதல் ஆட்டம். பெரியவள் அட்டையை எடுத்தாள். பதில் சொல்ல என் முறை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"கதவுப் பக்கம் உக்காந்திருக்கறவங்களுக்கு ஒரு கேள்வி."

சரி, அடுத்த சுற்றில் எழுந்து ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தேன். "பச்சைப் புடவை கட்டினவங்களுக்கு." அதற்காக நடு ஆட்டத்தில் புடவையா மாற்ற முடியும்? "இப்படியெல்லாம் சொல்லக் கூடாது, உறவு சொல்லிக் கூப்பிடணும்" என்று சட்டத்தைத் திருத்தினேன். அவள் அசரவே இல்லை.

"வாண்டோட சித்திக்கு ஒரு கேள்வி."

ஆடிக்கொண்டே நடுவர் வேலையும் பார்ப்பது இவர்தான். தாடையைத் தடவி, மீட்டரைப் பார்ப்பது போல என்னையும் அவளையும் பார்த்துவிட்டு, "உறவு இருக்கு. செல்லும்" என்றார். நடுவராம் நடுவர்! வாண்டு வேறு, "ஆமா, இது என்னோட சித்திதான்" என்று பட்டா போட்டுக்கொண்டான்.

எனக்கு இரண்டு புள்ளி. இவர்தான் ஜெயித்தார்.

ஜூலை 13, திங்கள்

வேலையில் ஒட்டுப் பிரிவு அக்காவிடம் மத்தியானம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "உன் சட்டத்துலயே ஓட்டை போட்டுட்டாளே! நம்ம கம்பெனிக்குச் செக்கிங்குக்கு எடுக்கலாம்."

நானும் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. அப்படி என்னத்தக் கேட்டுட்டேன் நான்? அம்மான்னு கூப்பிடச் சொன்னேனா? அவ அம்மா இடம் அவ அம்மாவுக்குத்தான், சுவத்துல மாலை போட்டிருக்கிற அந்தப் படத்துக்கு நான்தானே தினமும் தூசி தட்டறேன். ஒரு பேரு. ஏதோ ஒண்ணு. நான் இந்த வீட்டில இருக்கேன்னு ஒரு அடையாளம் வேண்டாமா?

இவரிடம் கேட்டேன். "அவ அம்மாவுக்குத் தங்கச்சி கிடையாது. அவ யாரையும் சித்தின்னு கூப்பிட்டதே இல்ல. வாய் பழகல, விடு" என்றார். சமாதானம் சொல்லத் தெரியாதவர் சொன்ன சமாதானம். கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 19, ஞாயிறு

பெரியவள் பத்துக்குப் பத்து! கேள்வியைப் பாதி படிப்பதற்குள் பதில் வந்து விழுகிறது. இவர் "மனித உடலில்" என்று ஆரம்பிக்கிறார், அவள் "தொடை எலும்பு" என்று முடிக்கிறாள். மிக நீளமான எலும்பைத்தான் கேட்கிறார்கள் என்று எப்படித் தெரிந்தது? இவருக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான், ஆனால் செக்கிங் கண் உறுத்துகிறது.

இந்த வாரம் பாத்திரம் என் தலையில்.

ஜூலை 22, புதன்

வாண்டு அட்டைகள் மேல் டீயைக் கொட்டிவிட்டான். நனைந்ததை எல்லாம் திரும்ப எழுதினேன்.

ஜூலை 26, ஞாயிறு

பிடிபட்டது!

நான்தான் பெரியவளைக் கேட்டேன். "சிலந்திக்கு..." என்று தொடங்கி, வேண்டுமென்றே நிறுத்தி, "எத்தனை கால்?" என்று முடித்தேன். அவள் என் கையிலிருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொடை எலும்பு."

வாண்டு நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உருண்டான். "சிலந்திக்குத் தொடை எலும்பு கால்!" அவள் முகம் சிவந்துவிட்டது. நான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். மூலையில் 14. தொடை எலும்பின் நம்பர். டீ கொட்டிய அன்று இரண்டு அட்டைக்கும் நம்பரை மாற்றிப் போட்டிருக்கிறேன். இந்தக் கழுதை கேள்வியைப் படிக்கவில்லை, லாட் நம்பரைப் படித்திருக்கிறாள்! கேட்பவர் கேள்வியைத் தன் பக்கம் வைத்துப் பிடித்தால், நம்பர் எதிரில் இருப்பவருக்குப் பளிச்சென்று தெரியும். என் கையாலேயே எழுதி வைத்த பிட்டு.

"என்னாச்சு?" என்றார் இவர்.

"நான்தான் தப்பாப் படிச்சுட்டேன்" என்றேன்.

"நீ சரியாத்தானே படிச்ச?"

"தப்பாத்தான் படிச்சேன். நடுவர் சும்மா இருங்க."

பெரியவள் முதல் தடவையாக மின்விசிறியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஜூலை 28, செவ்வாய்

காட்டிக் கொடுக்கவும் மனசில்லை, சும்மா விடவும் மனசில்லை. லாட் நம்பரை மனப்பாடம் செய்வதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் உண்டா? அட்டைகளைப் பையில் போட்டு எடுத்துப்போய்ப் பஸ்ஸில் படிக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர், "எந்தப் பரீட்சைக்கும்மா?" என்றார். "ஏழாம் வகுப்பு" என்றேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

எழுத்து எப்படி இருந்தாலும் சரி, இன்றே எழுதிவிட வேண்டும்.

இன்று நான் விளாசித் தள்ளினேன். இவர் "பூமிக்கு" என்றதும் "சூரியன்." வாண்டு எழுத்துக் கூட்டி "அ-று-ங்" என்பதற்குள் "ஆறு பக்கம்." இவர் வாயைப் பிளந்தார். "நீ பள்ளிக்கூடத்துல இவ்வளவு கெட்டிக்காரியா?" பெரியவளுக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது. மூக்கு விடைக்கிறது, விரல் மேஜையில் தாளம் போடுகிறது. ஆனால் எப்படிச் சொல்வாள்? என்னைப் பிடித்துக் கொடுத்தால் தானும் மாட்ட வேண்டும். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான்.

எனக்கு ஒன்பது புள்ளி. அவளுக்கும் ஒன்பது. கேட்கவேண்டியது அவள். அட்டையை எடுத்து, விரலால் மூலையை மறைத்துக்கொண்டாள். விரல் கொஞ்சம் விலகியது. 31. அவள் வாயைத் திறக்கக்கூட இல்லை.

"நுரையீரல்" என்றேன்.

அட்டை மேஜையில் அறைந்து விழுந்தது.

"சித்தி! இது அநியாயம்! நான் இன்னும் கேக்கவே இல்ல! நம்பரைப் பாத்து சொல்றீங்க நீங்க! ஏமாத்தறீங்க, சித்தி!"

"எந்த நம்பரு?" என்றான் வாண்டு.

இவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "அது உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நம்பர் வெளியே வந்ததற்கா, இன்னொன்று வெளியே வந்ததற்கா? எனக்குத் தெரியாது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். கண்ணிலும் தண்ணீர். சிரித்ததால் வந்தது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

தீர்ப்பு: இருவரும் ஆட்டத்திலிருந்து நீக்கம். வாண்டு நான்கு புள்ளியோடு சாம்பியன். பாத்திரம் எங்கள் இருவர் தலையில்.

நான் தேய்க்க அவள் அலசினாள். பிறகு குழாயைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை நம்பர் மனப்பாடம் பண்ணீங்க?"

"எல்லாம்."

"எல்லாமா! நான் அறிவியல் மட்டும்தான்." இன்னொரு தட்டை அலசினாள். "இருபத்தேழு?"

"ஆமை. எட்டு?"

"நீராவி. நாப்பது... சித்தி?"

தட்டு என் கையிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. நல்லவேளை, எவர்சில்வர்.

ஆகஸ்ட் 3, திங்கள்

வேலையில் ஒரு பெட்டிக்கு இரண்டு தடவை நம்பர் குத்திவிட்டேன். ஒட்டுப் பிரிவு அக்கா, "என்னடி, பல்லெல்லாம் தெரியுது?" என்றாள். சொன்னேன். திட்டிக்கொண்டே என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 8, சனி

அட்டைகளுக்குப் புது வெளிப்பக்கம் ஒட்டியாயிற்று. நம்பர் இல்லை. பார்க்கவே கண் உறுத்துகிறது, பொறுத்துக்கொள்கிறேன்.

காலையில் குளியலறைக்குள்ளிருந்து குரல். "சித்தி, துண்டு!"

துண்டு என் தோளிலேயே கிடந்தது. கதவுக்கு வெளியேதான் நின்றேன். காதில் விழாத மாதிரி இருந்தேன்.

"சித்தீ, துண்டு!"

அப்போதும் நகரவில்லை.

"முதல் தடவையே கேட்டுடுச்சுன்னு எனக்குத் தெரியும். நிழல் தெரியுது. ஏமாத்தாதீங்க, சித்தி."

கதவிடுக்கில் ஈரக் கை நீண்டது. கொடுத்தேன்.